நீலகிரிப் புல்வெளியில் மரம் நட வரும் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் வேன் நிறையக் கன்றுகளோடு ஊட்டிக்கு வருகிறீர்கள். நீங்கள் 'மொட்டை மேடு' என்று சொல்லும் இடத்தில் ஒரு நாள் முழுக்கப் பறவை பார்த்தவன் எழுதுகிறேன்.

சென்ற வைகாசியில், வனத்துறை அனுமதியோடு அவலாஞ்சிப் பக்கம் போயிருந்தேன். விடிந்தும் விடியாமலும் சோலைக்குள் நுழைந்தோம். ஓடையருகே சீகாரப்பூங்குருவி சீட்டியடித்துக்கொண்டிருந்தது. நீலகிரிச் சிரிப்பான்கள் எங்கள் தலையைக் கண்டதும் கூட்டமாகக் கூச்சலிட்டன. தரையை ஒட்டிய புதரில் கறுப்பும் செம்மஞ்சளுமாக ஓர் ஈப்பிடிப்பான். தீக்கங்கு ஒன்று கிளை மாறி உட்கார்ந்தாற்போல் இருந்தது. இதுவரை உங்களுக்கும் பிடிக்கும்.

சோலை சட்டென்று முடிகிறது. பள்ளத்து மடிப்புகளில் மரம், மேட்டில் புல். மரத்தை யாரோ வெட்டியதால் வந்த வெளியல்ல அது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல்லாகவே இருக்கும் நிலம். வரையாடு மேய்வதும், இம்மலைப் பழங்குடிகளான தொதவர்களின் எருமைகள் மேய்ந்ததும் இங்கேதான். அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு நீலகிரி நெட்டைக்காலி வந்தது. அழகென்று சொல்ல மாட்டேன். ஊர்க்குருவிக்குக் கோடு போட்டதுபோல் இருக்கும். புற்கற்றைகளுக்கிடையே ஓடி, ஒரு பாறை மேல் ஏறி நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலுள்ள உயர்ந்த புல்வெளிகளை விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. கூடு கட்டுவதும் தரையில், புல்லடியில். நீங்கள் குழி தோண்டும் இடம் அதன் வீட்டு முற்றம்.

மதியம் அடுத்த மேட்டைத் தாண்டினால் சீகைத் தோப்பு. சீயக்காய் அல்ல, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம். அரை மணி நடந்தும் ஒரு வெள்ளைக்கண்ணிக் கூட்டத்தைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதிய வெள்ளைக்காரர்கள் 1840களில் சீகையையும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசையும் கொண்டுவந்தார்கள். விறகு, தோல் பதனிடப் பட்டை, காகிதக் கூழ் என்று சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டுக்கொண்டே போனோம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் மறுபடி முளைக்கும்.

உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு அதிகமில்லை. கல்லூரி முகாமொன்றில் இதேபோன்ற சரிவில் நானும் நட்டிருக்கிறேன். என்ன கன்று என்றுகூடக் கேட்கவில்லை. புகைப்படத்துக்குச் சிரித்ததுதான் நினைவிருக்கிறது.

சமவெளியில் நடுங்கள், தெருவோரம் நடுங்கள், யார் வேண்டாமென்றது? புல்வெளியில் மட்டும் நாட்டு மரம்கூட வேண்டாம். வரத்தான் போகிறீர்கள் என்றால், கன்றுகளை இறக்கிவிட்டு, சீகை நாற்றுகளைப் பிடுங்க வனத்துறையிடம் அனுமதி கேட்டு வாருங்கள். நெட்டைக்காலி நின்ற பாறைக்குப் பத்தடி கீழேயே முழங்கால் உயரத்தில் இரண்டு நிற்கின்றன. என்னிடம் இருந்தது பறவை பார்க்கும் அனுமதி மட்டும்தான், தொடாமல் வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
நீலகிரிக்காரன் ஒருவன்