கையசைப்பு லைன் கிளியர் ஆகாது

கொட்டகலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி உன் விமானக் கட்டுப்பாட்டு அறையில் நடந்ததாக நீ போனில் சொன்னதை அம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. "வேலை கூடிப்போச்சாம், களைப்பாம்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல்லு. அவள் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் வளர்ந்தவள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு மார்ட்டின் எயார் விமானம் சப்தகன்னியர் மலையில் மோதியபோது சின்னப் பிள்ளை. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள். மொத்தம் 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துக் கீழே இறங்கிவிட்டார்கள் என்று நான் எத்தனையோ தரம் விளக்கியாயிற்று. நோர்ட்டனில் நினைவாக வைத்திருக்கும் அந்த விமான டயரைக் கடக்கும்போது இன்றைக்கும் அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன், பிசகு இருந்தால் திருத்து. பக்கத்து செக்டரை, அதாவது பக்கத்து வான்பகுதியை, பார்க்கும் கட்டுப்பாட்டாளர் ஹொட்லைன் என்கிற நேரடிப் போனில் கூப்பிட்டு, ஒரு விமானத்தை வேறு உயரத்தில் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். உனக்கு முன்னால் அந்தச் சீட்டில் இருந்தவர் "சரி" என்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் உன்னிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு எழும்பிவிட்டார். அந்த "சரி" திரையில் ஏறவுமில்லை, உன் காதில் விழவுமில்லை. இரண்டு விமானங்களுக்கு நடுவே 1000 அடி உயர இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் அது குறைந்து, விமானத்துக்குள் எச்சரிக்கை ஒலித்து, இரண்டும் விலகிப் போய்விட்டன. இப்போது ரிப்போர்ட் கேட்கிறார்கள். முன்னால் சீட்டில் இருந்தவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒப்பந்தமும் முடியப்போகிறது, அதனால் "நான் கவனிக்கவில்லை" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாய்.

வேண்டாம். நல்ல மனதோடு கேட்டாய், எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம்.

ஸ்டேஷன் மாஸ்டராக நான் வேலை பார்த்ததெல்லாம் மலைநாட்டு ஒற்றைத் தண்டவாளத்தில். அடுத்த ஸ்டேஷன்காரர் முகத்தைப் பார்க்காமலே அவரோடு இரவு முழுக்க வேலை செய்ய வேண்டும். மணியும் போனும்தான். பாதை காலி என்று அவர் "லைன் கிளியர்" தந்தால்தான் என் மெஷினிலிருந்து டெப்லட், அதாவது ரயில் அந்தப் பாதையில் போவதற்கான அனுமதி வில்லை, வெளியே வரும். ஒன்று வந்துவிட்டால், அதைத் திரும்ப மெஷினுக்குள் போடும்வரை இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளும். சிவனொளிபாத மலை சீசனில் போயாவுக்கு முந்தின இரவு எப்படி இருக்கும் என்று நீயே பார்த்திருக்கிறாய். ஹட்டனுக்கு ஸ்பெஷல் கோச்சி, பிளாட்போமில் கால் வைக்க இடமில்லை, ஜன்னலில் டிக்கெட் சண்டை, போதாததற்குப் பனி. அந்த நேரத்தில் எனக்கு எது மறந்தாலும் மெஷினுக்கு மறக்காது. டிரைவரும் டெப்லட் வைத்த வளையத்தைக் கையில் வாங்காமல் நகரமாட்டார். உங்களிடம் அப்படி ஓர் இரும்புத் துண்டு இல்லை. வாயால் சொன்னதுதான் டெப்லட். சொன்னவர் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

நீ படிக்கும் காலத்தில் உன் நோட்டுகளை நானும் புரட்டுவேன். அதில் என்னை விடாமல் பிடித்தது அப்போதைய யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் பக்கத்தில் இரண்டு விமானங்கள் வானில் மோதிய விபத்து. 1976 செப்டம்பர் 10. லண்டனிலிருந்து இஸ்தான்புல் போகும் ட்ரைடென்ட் விமானம் 33,000 அடியில். ஸ்பிளிட்டிலிருந்து கொலோன் போகும் டிசி 9 விமானம் கீழேயிருந்து 35,000 அடிக்கு ஏற அனுமதி கேட்கிறது. நடு உயரத்தைப் பார்ப்பவர், மேல் உயரத்தைப் பார்ப்பவரின் சம்மதத்தை வாங்க வேண்டும். மேலே பார்த்தவர் தனியாள். டியூட்டி மாற வேண்டியவர் வரவில்லை என்று அவருடைய உதவியாள் தேடிப்போய்விட்டார். நடு உயரக்காரர் கையைத் தூக்கிக் கூப்பிட, மேல் உயரக்காரர் இப்போது முடியாது என்று கையசைக்க, கடைசியில் இன்னொருவர் விமான விவரம் எழுதிய காகிதத் துண்டை எடுத்துக்கொண்டுபோய்த் திரையில் புள்ளியைக் காட்டினாராம். மேல் உயரக்காரர் சம்மதித்தாரா இல்லையா என்பதிலேயே பிறகு வழக்கில் இழுபறி. டிசி 9 அவரோடு பேசியபோது ஏறக்குறைய 33,000 அடிக்கு வந்துவிட்டது. பதறிப்போய், தன் சொந்த மொழியில், இருக்கும் உயரத்திலேயே நில் என்றார். நின்ற உயரம்தான் ட்ரைடென்டின் உயரம். இரண்டும் மோதி 176 பேர் போனார்கள்.

தண்டனை கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான், 7 வருடம். கட்டுப்பாட்டாளர்கள் மனுக் கொடுத்துப் போராடிய பிறகு 1978இல் வெளியே வந்தார். அந்தச் சீட்டில் ஆள் போதாமல் இருந்ததற்குச் சிறைக்குப் போனவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. உன் இரண்டு வரி ரிப்போர்ட்டும் அந்த வேலையைத்தான் செய்யும், மகள். பழி ஒரு தலையில் முடிந்துவிடும், சீட் அப்படியே இருக்கும்.

வேலை தலைக்கு மேல் போனால் மனிதன் முதலில் வெட்டுவது பேச்சைத்தான். விமானத்துக்குச் சொல்வதைக் குறைக்க முடியாது. அதனால் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்வதில் கை வைக்கிறான். பத்துச் சொல் இரண்டாகும், பிறகு ஒரு தலையாட்டலாகும். சோம்பேறி இதைச் செய்யமாட்டான், கெட்டிக்காரன்தான் செய்வான். "நான் சமாளிப்பேன்" என்கிற ஆளோடு டியூட்டி பார்ப்பதற்கு எனக்கு எப்போதும் பயம்.

ஆகவே ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு நடந்தது என்று குறித்து எழுது. அவர் ஹொட்லைனில் பேசியது எப்போது, சீட் மாறியது எப்போது, அப்போது உன் அலைவரிசையில் எத்தனை விமானம், செக்டரை இரண்டாகப் பிரிக்க யாராவது கேட்டார்களா, கேட்டிருந்தால் என்ன பதில். ஒப்படைக்கும்போது பார்த்துச் சொல்ல ஒரு பட்டியல் இருக்குமே, அதைப் பார்த்தார்களா என்றும் எழுது. சீட் மாறிய முதல் சில நிமிடங்களில்தான் பிசகு அதிகம் என்று உங்கள் பாடத்திலேயே இருந்தது. அலை ஓய்ந்துவிட்டது என்று மனம் இளகும் நேரமும் அதுதான். உன் பக்கத்தில் நீ கேட்காமல் விட்ட கேள்வி இருந்தால் அதையும் ஒளிக்காதே. அந்த மனிதருக்கும் முதலில் காட்டிவிட்டுக் கொடு. பெயரைத் தாக்கி ஒரு சொல் வேண்டாம், நடந்ததை மட்டும்.

அப்புறம் ஒன்று. இனிமேல் யாராவது ஹெட்செட்டைக் கழற்றியபடியே ஒப்படைக்க வந்தால் நீ உட்காராதே. நின்றபடியே கேள், "போனில் ஏதாவது ஒத்துக்கொண்டீர்களா?" கோபித்தால் கோபிக்கட்டும். நானும் அந்தக் காலத்தில் ரெஜிஸ்டரில் கையெழுத்து விழாமல் யாரையும் வீட்டுக்கு விட்டதில்லை, அதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது. உன் அண்ணனிடம் கேட்டுப்பார், சிரித்துச் சிரித்துச் சொல்வான்.

அம்மா மிளகாய்த்தூளும் தேயிலையும் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் ஊரிலிருந்து வருகிறவர் கையில் வரும். ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு ஒரு போன் எடு. இரவில் உன் பக்கத்துச் சீட்டுக்கு ஆள் போடுகிறார்களா இல்லையா, அதை முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா