பழுதுபார்த்த படகும் பாக்கிப் பணமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படகு உரிமையாளர்களுக்கும் பழுதுபார்க்கும் யார்டுகளுக்கும் நடக்கும் வழக்குகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். யார்டுக்காரர்கள் படகைப் பிடித்து வைத்துக்கொண்டு அடாவடி செய்கிறார்கள் என்ற தொனியில் எழுதியிருந்தீர்கள். படகு, கப்பல்களின் நிலையைச் சோதித்துச் சொல்லும் சர்வேயராக இரண்டு தரப்புக்கும் வேலை செய்தவன் நான். அடாவடி உண்டுதான். ஆனால் யார்டுக்காரர் ஏன் படகை விட மறுக்கிறார் என்பது கட்டுரையில் வரவே இல்லை.

கூலி வரும்வரை பொருளைத் தராமல் வைத்திருக்கலாம் என்பதுதான் பழுதுபார்த்தவருக்குச் சட்டம் தரும் பலமான பிடி. படகு கையை விட்டுப் போனால் அந்தப் பிடியும் போச்சு. 1974இல் நியூயார்க்கில் பழுதுபார்க்கப்பட்ட ‘ஹால்சியான் ஐல்’ என்ற கப்பல் பில் கட்டாமலே கிளம்பிவிட்டது. அப்புறம் சிங்கப்பூரில் கோர்ட் மூலம் அதைத் தடுத்து விற்றார்கள். விற்ற பணம் எல்லாருக்கும் போதவில்லை. அமெரிக்கச் சட்டப்படி யார்டுக்குக் கப்பல் மேலேயே உரிமை உண்டு. ஆனால் 1980இல், அப்போது சிங்கப்பூர் வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர், வழக்கு நடக்கும் சிங்கப்பூரின் சட்டம்தான் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் யார்டுக்கு அப்படி உரிமை இல்லை. அதனால் கப்பலை அடமானமாகப் பிடித்துக் கடன் கொடுத்த வங்கி முன்னால் போனது, யார்டு பின்னால் நின்றது. இந்தியாவின் 2017 சட்டம் உட்பட பல நாட்டுச் சட்டங்களில் பழுதுபார்ப்புப் பாக்கிக்காகக் கப்பலைத் தடுத்து வைக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாம், சரி. ஆனால் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று தேடி ஓடுவது யார்?

உண்மையில் சண்டை தொடங்குவது கூடுதல் வேலையில். பெயின்ட்டைச் சுரண்டிய பிறகுதான் ஹல் தகடு, அதாவது படகின் வெளி உடல் தகடு, எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது தெரியும். நாலு தகடு மாற்றக் கொட்டேஷன் கொடுத்தவர், “அண்ணே, பக்கத்துத் தகடும் போயிருக்கு” என்று போன் செய்வார். “சரி, பாத்துச் செய்ங்க” என்பார் உரிமையாளர். விலை பேச்சே வராது. இரும்பு வேலைக்குப் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் பில். 8 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 63 கிலோ இருக்கும். பொருத்திய தகட்டை மட்டும் அளந்தால் ஒரு எடை, வெட்டிக் கழித்த துண்டுகளையும் சேர்த்தால் இன்னொரு எடை. உள்பக்கம் ஓடும் ஒயரிங்கைக் கழற்றி மாட்டுவதும் டேங்கைச் சுத்தம் செய்வதும் அந்தக் கிலோ ரேட்டில் அடக்கமா, தனியா? பில் வந்த பிறகு இதையெல்லாம் கேட்டால் வாக்குவாதம்தான் மிச்சம்.

எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் ஷாஃப்ட் தண்டின் வேலையும் இப்படித்தான். மேட்டில் நிற்கும் படகின் உடல், தண்ணீரில் இறங்கியதும் லேசாக வளைந்து கொடுக்கும். அதனால் படகு மிதக்கும்போது ஷாஃப்ட் நேர்கோட்டில் இருக்கிறதா என்ற அலைன்மென்ட்டை மறுபடி பார்க்க வேண்டும். அந்த அளவுகளை எழுதிய தாள் இல்லாவிட்டால், பிறகு ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் சூடாகிப் போகும்போது யார் தப்பு என்று எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கழற்றிய பேரிங்கையாவது பார்க்கலாம் என்றால், அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள்.

யார்டுக்காரர்களையும் நான் விடப்போவதில்லை. பாக்கிக்காகப் படகைப் பிடித்து வைத்துவிட்டு, பிடித்து வைத்த நாட்களுக்கும் வாடகை போடுகிறார்கள். நீ உன் பாக்கிக்கு ஈடாக வைத்திருக்கிறாய், அதற்குப் படகுக்காரர் ஏன் காசு தர வேண்டும் என்று, அப்போது இங்கிலாந்தின் உச்ச கோர்ட்டாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1860லேயே ஒரு கப்பல் வழக்கில் தீர்த்துவிட்டது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் வேறு கதை. பல உரிமையாளர்கள் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதே இல்லை. வேலை பழுதானால் எங்கள் யார்டுக்குக் கொண்டுவந்தால் மட்டும் இலவசமாகச் சரிசெய்வோம், வருமான இழப்புக்குப் பொறுப்பில்லை என்பதும் அங்கேதான் இருக்கும். எஞ்சின் நின்ற படகை எப்படி யார்டுவரை கொண்டுவருவது என்று யாரும் கேட்பதில்லை.

தகராறான தொகையை மட்டும் பொதுவான ஒருவரிடம் கட்டிவிட்டு, அல்லது வங்கி உத்தரவாதம் கொடுத்துவிட்டுப் படகை எடுத்துப் போகலாம் என்று ஒரு வரியை முதலிலேயே ஒப்பந்தத்தில் சேர்த்தால் இரு தரப்புக்கும் நல்லது. படகு தொழிலுக்குப் போகும், யார்டுக்கும் ஈடு கையில் இருக்கும். வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும்.

அடுத்த கட்டுரையில் ஒரு கூடுதல் வேலைப் படிவத்தின் மாதிரியை வெளியிடுங்கள். என்ன வேலை, எந்த அளவு, என்ன ரேட், எத்தனை நாள் தள்ளும், இருவர் கையெழுத்து. அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு சர்வேயர்