நியூபர்க் கல்வீட்டைக் காத்துவருபவர்களுக்கு எங்கள் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை நியூயார்க் மாநிலம் நியூபர்க்கில், ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ஹாஸ்ப்ரூக் வீட்டுக்குக் கடந்த மாதம் அழைத்துப் போயிருந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா பாட்டிகளும் கூட வந்தார்கள். அத்தனை பேரையும் முகம் சுளிக்காமல் வரவேற்றுச் சுற்றிக்காட்டிய பணியாளர்களுக்கு மனமார்ந்த நன்றி.

அமெரிக்கப் புரட்சிப் போரின் கடைசிக் கட்டத்தில், 1782 ஏப்ரல் முதல் 1783 ஆகஸ்ட் வரை ஜார்ஜ் வாஷிங்டனின் தலைமையகமாக இருந்த வீடு இது. போர்க்காலத்தில் வேறெந்தத் தலைமையகத்திலும் அவர் இவ்வளவு நாள் தங்கியதில்லை. அவரை அரசராக்கலாம் என்ற யோசனையோடு ஓர் அதிகாரி கடிதம் எழுத, அதைக் கடுமையாக மறுத்து அவர் பதில் எழுதியதும் இங்கே இருந்தபோதுதான்.

இதெல்லாம் பாடப் புத்தகத்திலும் கிடைக்கும். ஏழு கதவும் ஒரே ஜன்னலுமாக இருக்கும் அந்த அறைக்குள் நின்று பார்ப்பது வேறு. பிள்ளைகள் விரல் நீட்டிக் கதவுகளை எண்ணி முடிக்கும்வரை எங்கள் வழிகாட்டி அம்மா பேசாமல் காத்திருந்தார். டச்சு முறையில் கட்டிய கணப்புக்குப் பக்கச் சுவரே கிடையாது. "அப்போ புகை எப்படிப் போகும்?" என்று ஒரு பாட்டி தமிழிலேயே கேட்டுவிட்டார். பேரன் மொழிபெயர்க்க, வழிகாட்டி மேலே புகைபோக்கியைக் காட்டி விளக்கினார். பாட்டிக்குப் புரிந்தது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த அறைக்கு நகர்ந்தார். அந்தப் பொறுமையை நாங்கள் மறக்க மாட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளபதிக்காக வீட்டைக் காலி செய்து கொடுத்தவர், 1780இல் கணவரை இழந்த திருமதி ஹாஸ்ப்ரூக். "அவங்க எங்கே போனாங்க?" என்று ஒரு சிறுமி கேட்டபோதும், போர் முழுக்க வாஷிங்டன் கூடவே இருந்த அடிமைப் பணியாளர் வில்லியம் லீயைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டபோதும், வழிகாட்டி பேச்சை மாற்றவில்லை. குழந்தைகள்தானே என்று மழுப்பாமல் உள்ளதைச் சொன்னார். பெற்றோராக எங்கள் பெரிய நன்றி அதற்குத்தான்.

1850இல் இந்த வீட்டை நியூயார்க் மாநிலம் தன் பொறுப்பில் எடுத்து மக்களுக்குத் திறந்துவிட்டது. அமெரிக்காவில் இப்படி அரசு வாங்கிப் பாதுகாத்த முதல் வரலாற்று வீடு இதுதான். அன்று அதற்காக முயன்றவர்களையும் நன்றியோடு நினைக்கிறோம்.

அப்புறம், பேருந்துச் செலவை ஏற்றுக்கொண்ட அன்பருக்கும், விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் புளிசாதம் கட்டிக் கொடுத்த அம்மாக்களுக்கும் நன்றி. பிள்ளைகள் வரைந்த படங்களை நியூபர்க்குக்குத் தனியே அனுப்பியிருக்கிறோம்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளிப் பெற்றோர், நியூ ஜெர்சி