காந்தளுக்குப் பக்கத்தில் ஒரு ரோஜா

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏற்காடு ரோஜா தோட்டத்தில் ஒரு செடி, பக்கத்தில் ஒரு கொடி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு தமிழ்ப் பலகை. நான் கேட்பது இவ்வளவுதான். ஊட்டியைக் கேட்டிருக்கலாம், அந்தக் குளிர் கொடிக்கு ஒத்துவருமா என்று தயக்கம்.

செடி, ‘இ.கே. ஜானகி அம்மாள்’ என்ற ரோஜா. கொடைக்கானலில் வீரராகவனும் கிரிஜாவும் உருவாக்கிய ரகம். பூ மஞ்சள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளும் வயதான காலத்தில் பளிச்சென்ற மஞ்சள் பட்டுப் புடவைதான் கட்டுவாராம்.

1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்தவர். அப்புறம் இங்கிலாந்து. 1946 முதல் சில ஆண்டுகள் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் வேலை.

அங்கேதான் மேக்னோலியா நாற்றுகளின் குருத்தில் கால்சிசின் என்ற வேதிப்பொருளின் கரைசலை இட்டார். அது பட்டால் குரோமோசோம் இரட்டிக்கும், ஆனால் செல் இரண்டாகப் பிரியாது. இலை தடிக்கும், இதழ் கனக்கும். அந்த நாற்றுகளில் சில மரமாகி இன்றும் அங்கே பூக்கின்றன. வெள்ளைப் பூ பூக்கும் ஒரு ரகத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மேக்னோலியா என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், நம் செண்பகத்துக்குப் பங்காளி.

கொடிக்கு வருகிறேன். அதே கால்சிசின் நம் கண்வலிக்கிழங்கிலும் இருக்கிறது. மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அதுதான். சங்கப் பாட்டில் காந்தள், இன்றைக்கு மாநில மலர். ரோஜாவையும் காந்தளையும் சேர்த்துப் பார்க்கிற பிள்ளைக்கு அந்த அம்மாள் செய்த வேலையில் பாதியாவது புரிந்துவிடும்.

சிலை வேண்டாம். தன்னைப் பற்றிப் பேசவே விரும்பாதவர் அவர். 1984இல் இறக்கும்வரை மதுரவாயலில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும் செடிகளுமாகவே இருந்தார். பலகையில் 1977இல் வாங்கிய பத்மஸ்ரீயைக் கடைசி வரியில், சின்ன எழுத்தில் போடுங்கள். கரும்பு, குருத்து, குரோமோசோம் எல்லாம் மேலே வரட்டும். விருந்தினர் பெயர், திறப்பு விழாத் தேதி எதுவும் வேண்டாம்.

ஒன்றே ஒன்று: காந்தள் கிழங்கு கடுமையான நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாதபடி கம்பிவேலிக்கு உள்பக்கமாக நட்டு ஏற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செடிப் பைத்தியம்