வயிறு சரியில்லை என்று சொன்னவன் எழுதும் மடல்

திருகோணமலைப் பங்குகளின் இளையோருக்கு,

அன்பான தம்பிமாரே, தங்கச்சிமாரே,

பாலையூற்று லூர்து அன்னையிடம் பாதயாத்திரை போகும்போது எல்லோரும் ஒரே நிறத்தில் ரீசேர்ட் போடப் போகிறீர்கள், முதுகில் 'கிறிஸ்துவைச் சொல்ல வெட்கப்படேன்' என்று அடிக்கப் போகிறீர்கள் என்று அறிந்தேன். காசு சேர்க்க வந்த பிள்ளை, "அங்கிள், நீங்களும் போடுவீங்கதானே?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பதில்தான் இந்த மடல்.

நான் இருபத்தாறு வருடம் அரச கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தவன். என் மேசைக்கு இடது பக்கம் இருந்தவர் தினமும் காலையில் பத்திரகாளி அம்மனைக் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறையத் திருநீற்றோடு வருவார். வலது பக்கம் ஒரு முஸ்லிம் நானா. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியானால் பேனையை மூடிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார். இருவரும் யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை. நடுவில் நான். சாப்பாட்டுப் பாசலை அவிழ்க்கும்போது சிலுவை அடையாளம் போடாமல், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல நெற்றியைத் தொட்டுவிட்டுச் சாப்பிடுவேன். சிரிக்காதீர்கள், உங்களிலும் பாதிப்பேர் கடையில் அதைத்தான் செய்கிறீர்கள்.

ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை, பதவி உயர்வு கிடைத்த ஒருவர் எல்லோருக்கும் கோழிப் பிரியாணிப் பாசல் வாங்கித் தந்தார். இன்றைக்கு நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று ஒரு வசனம் சொன்னால் போதும். நான் சொன்னது, "வயிறு சரியில்லை." ஜும்ஆ முடிந்து வந்த நானா அதைக் கேட்டுவிட்டு வெளியே போய் எனக்காக ஓமத்தண்ணீர் வாங்கி வந்தார். பக்கத்தில் நின்று குடிக்கவும் வைத்தார். நோன்பை மறைக்கப் பொய், பொய்யை மறைக்க மருந்து! மதத்தை வெளிப்படையாகக் கைக்கொள்ளும் உரிமையை இந்த நாட்டின் அரசியலமைப்பே தந்திருக்கிறது. அந்தக் கந்தோரில் என்னை யாரும் தடுக்கவில்லை, கேலி செய்யவுமில்லை.

அப்புறம், நாங்கள் நடக்கப்போவது எந்த ஊரில் என்பதையும் யோசியுங்கள். 1622 இல் சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்துத் தள்ளியவர்கள் போர்த்துக்கீசர். கையில் சிலுவையோடு வந்தவர்கள். இடித்த கல்லைக் கொண்டே கோட்டையும் கட்டினார்கள். இன்றைக்கும் கோணேசரிடம் போகிறவர்கள் அந்தக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். அதற்கு நான் வெட்கப்படுகிறேன். இந்த ஊரில் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

பிறகு ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். குருமார் இல்லாமல் போன அந்தக் காலத்தில், 1687 இல், கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். யார் கத்தோலிக்கர் என்று அறிய அவருக்கு ஒரே வழிதான் இருந்தது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. 2015 இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, என் கண்ணுக்குள் நின்றது அந்தச் செபமாலைதான்.

சரி, 2019 க்கு வருகிறேன். உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடைக் கோயிலில், கட்டுவாப்பிட்டிக் கோயிலில், எங்களுக்குப் பக்கத்தில் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு கோயிலில் பூசை இல்லை, தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். மகளின் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் விடச் சொன்னேன். அது பயம். அதற்காக யாரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அதே நாட்களில் நானா வீட்டைவிட்டு வெளியே வரவே கூச்சப்படுகிறார் என்று கேள்விப்பட்டேன். யாரோ செய்ததற்கு அவரைப் போன்றவர்களைச் சனம் முறைத்துப் பார்த்த காலம் அது. போய்ப் பார்க்க வேண்டும் என்று மனம் சொன்னது. பங்கில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்களோ என்று மூன்று கிழமை இழுத்தடித்தேன். பகைவரையும் நேசிக்கச் சொன்னவரின் சீடன், நண்பன் வீட்டுக்குப் போகத் தயங்கினேன்! நான் கிறிஸ்துவைக் குறித்து வெட்கப்பட்டது பிரியாணிப் பாசலுக்கு முன்னால் மட்டுமல்ல, அந்த மூன்று கிழமையும்தான்.

கடைசியில் போனேன். நோன்பு காலம், மாலை நேரம். பாங்கு சொன்னதும் நோன்புக் கஞ்சியை எனக்கும் ஊற்றித் தந்தார். நான் கோப்பையைக் கையில் எடுக்குமுன் நெற்றி, நெஞ்சு, தோள் என்று ஒழுங்காகச் சிலுவை அடையாளம் போட்டேன். நானா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "இப்ப வயிறு சுகமா?"

மனுசனுக்கு எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

பாதயாத்திரைக்கு ஒலிபெருக்கி பிடித்திருப்பதாகவும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியும் பள்ளிவாசலும் அம்மன் கோயிலும் வருகிற இடங்களில் அதை நிறுத்திவிட்டுச் செபமாலையை வாயால் சொல்லி நடக்க முடியுமா என்று பாருங்கள். வாகனம் பிடித்தவருக்குக் கொடுக்க வேண்டிய காசை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். போனமுறை அவர் இரண்டு மாதம் அலைந்தார், அவர் நம் மதத்தவரும் இல்லை.

ரீசேர்ட்டுக்கான காசை அந்தப் பிள்ளையிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். எனக்கு எக்ஸ்எல் அளவு. மறுநாள் திங்கட்கிழமை சந்தைக்கும் அதையேதான் போட்டுக்கொண்டு போவேன். மீன்காரரிடம் பேரம் பேசும்போது முதுகில் உள்ளதை அவர் வாசித்துவிடுவாரே என்பதுதான் இப்போதைக்கு என் கவலை.

அன்புடன்,
உங்கள் பங்கின் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்