நான்கு எழுத்தைப் பார்த்துப் பதவி உயர்வை நிறுத்தாதீர்கள்

எங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். டீம் லீட் பதவி உயர்வுப் பட்டியல் சென்ற வாரம் வந்தது. எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். என் குழுவில் அந்தப் பதவிக்கு முதல் ஆளாக வந்திருக்க வேண்டிய பெண்ணின் பெயர் அதில் இல்லை. ஏன் என்று கேட்டேன். "ஆளுமைச் சோதனையில் இன்ட்ரோவர்ட், அதாவது ஒதுங்கியிருக்கும் சுபாவம் என்று வந்திருக்கிறது, லீட் வேலைக்கு ஒத்துவராது" என்று வாய்வார்த்தையாகப் பதில் வந்தது. அறிக்கையை அவரிடம் காட்டவில்லை. அவருடைய மேலாளரான என்னிடமும் காட்டவில்லை.

நான் கேட்பது இதுதான்: அந்தச் சோதனையின் முடிவைப் பதவி உயர்வுக்குப் பயன்படுத்தாதீர்கள். அவரை அவர் செய்த வேலையை வைத்து மறுபடியும் பரிசீலியுங்கள்.

சோதனையில் வந்த ஒரு கேள்வியை அவர் என்னிடம் சொன்னார். முன்பின் தெரியாதவர்கள் கூடியிருக்கும் விருந்தில் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா, யாராவது வந்து பேசட்டும் என்று இருப்பீர்களா? அவர் இரண்டாவதைத் தொட்டார். அது உண்மை. தெரியாத ஆட்களிடம் வலியப் போய்ப் பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண் வேறு எதைத் தொடுவார்? விருந்தில் ஒதுங்கி நிற்பவர் வேலையில் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. சென்ற டிசம்பரில் நள்ளிரவில் வாடிக்கையாளரின் பில்லிங் சர்வர் நின்றுபோனது. போனில் கத்திக்கொண்டிருந்தவரை அமைதிப்படுத்தி, இருந்த நான்கு பேருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்து, விடிவதற்குள் சரிசெய்தது இந்தப் பெண்தான். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் சந்தேகம் கேட்க என்னிடம் வருவதில்லை, அவர் மேசைக்குத்தான் போகிறார்கள். இதில் எதுவும் அந்த அறிக்கையில் இருக்காது.

அதே சோதனையை எழுதிய வேறு சிலர், லீட் ஆகிறவருக்கு எந்த விடை பொருந்தும் என்று யோசித்துத் தொட்டதாக வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். "அடுத்த தடவை நானும் மாத்திச் சொல்லிடட்டுமா சார்?" என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நீங்கள் வாங்கியிருப்பது மையர்ஸ்-பிரிக்ஸ் பாணியில் அமைந்த, ஒருவரின் சுபாவத்தை நான்கு ஆங்கில எழுத்தில் சொல்லிவிடும் சோதனை. அதன் மூலத்தை உருவாக்கிய கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உளவியல் படித்தவர்கள் அல்லர். மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் எழுதிய நூலிலிருந்து கருத்தை எடுத்து, மனிதர்களை 16 வகையாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒதுங்கியிருப்பவரா, கலகலப்பானவரா என்பது போல இரண்டு முனைகளில் ஒன்றைக் குறிக்கும். ஆனால் பெரும்பாலான மனிதர்கள் இரண்டு முனைக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுவில் கோடு போட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மதிப்பெண், அந்தப் பக்கம் ஒரு மதிப்பெண் என்று நிற்பவர்கள் எதிரெதிர் வகை ஆகிவிடுகிறார்கள். ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதினால் பாதிப் பேர் வரை வேறு வகைக்கு மாறிவிடுகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் குறை. ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தச் சோதனையை விற்பவர்களே சொல்கிறார்கள்.

மனித வேறுபாட்டை அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐந்து பண்புகளைப் படிப்படியான அளவில் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. அதில் பொறுப்புணர்வு என்ற பண்புக்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பு உண்டென்று பேரிக், மவுண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அந்தத் தொடர்புகூட மிதமானதுதான். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் அதைவிட நன்றாகக் கணிக்கிறது. அதற்கு எந்த உரிமமும் வாங்க வேண்டாம். அறையும் நேரமும் போதும்.

அமெரிக்காவில் ஒரு நிறுவனம், மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்த ஊழியர்களுக்கு மனநோயைக் கண்டறியும் வினாத்தாளைக் கொடுத்தது. அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், சட்ட மீறல் என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம் சோதனை அந்த வகை இல்லை, தெரியும். ஆனால் அங்கே அந்த ஊழியர்களால் நீதிமன்றம் போக முடிந்தது. இங்கே தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைக்கூட ஊழியர் பார்க்க முடியவில்லை.

எங்கள் மடிக்கணினியில் விசை தட்டுவதை எண்ணுகிறீர்கள். கார்டு தேய்க்கும் நிமிடத்தை எண்ணுகிறீர்கள். வருடா வருடம் குழுவில் இத்தனை பேர் மதிப்பீட்டின் கடைசிப் படியில் இருந்தே ஆக வேண்டும் என்று எங்களைக் கொண்டே தள்ள வைக்கிறீர்கள். இப்போது மனதையும் எண்ணில் போட்டுவிட்டீர்கள். இத்தனை எண்ணும் நீங்கள், எங்களில் ஒருவரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து "உன் வேலை எப்படிப் போகிறது?" என்று கேட்டு எத்தனை நாள் ஆகிறது?

கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனால் எழுதியதில் எதையும் திரும்பப் பெறவில்லை. தயவுசெய்து கேட்டதைச் செய்யுங்கள். அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். சோதனை முடிவை ஒதுக்கிவைத்து, பட்டியலில் இருப்பவர்களிடம் கேட்கும் அதே கேள்விகளை அவரிடமும் கேளுங்கள். இறுதிப் பட்டியல் கையெழுத்தாவதற்கு முன் இது நடக்க வேண்டும். டிசம்பர் இரவின் பதிவுகள் முழுவதும் என்னிடம் இருக்கின்றன. எப்போது வரச் சொன்னாலும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிறுவனத்தின் மேலாளர்களில் ஒருவன்