கேப்பர் மலைக்குப் போகும் ஃபாதருக்கு

அன்புள்ள ஃபாதருக்கு, தோத்திரம்.

கேப்பர் மலையில் இருக்கும் கடலூர் மத்திய சிறைப் பணியை இனி நீங்கள் பார்க்கப்போவதாகப் பங்குக் கோயிலில் சொன்னார்கள். பூசை, பாவசங்கீர்த்தனம், கிறிஸ்துமஸ் கேக் இதிலெல்லாம் உங்களுக்கு நான் யோசனை சொல்ல முடியாது. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் கிரிமினல் கேஸ் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: உங்களுக்கு மதிலுக்கு வெளியேதான் வேலை அதிகம்.

நாட்டின் சிறைகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே வர முடியாதவர்கள் அதில் உண்டு. ஒரு பையன், திருட்டு வழக்கு. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. அவனுக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மா செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் "அம்மா வந்துச்சா சார்?" என்பான். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

அந்த அம்மாவைத் தேட எனக்கு வழியில்லை. உங்களுக்கு ஊருக்கு ஊர் பங்குச் சாமியார், உபதேசியார், கன்னியர் மடம். நாலு போன் போதும்.

ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பரிசீலிக்கலாம். இதை உள்ளே எத்தனை பேருக்குத் தெரியும்? வாராவாரம் போகிற நீங்கள் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம்.

புனித ஜோசப் கஃபாசோவை செமினரியில் படித்திருப்பீர்கள். தூக்குக் கைதிகளுக்குக் கடைசிவரை துணை போனவர். தன் மாணவரான தொன் போஸ்கோவை இத்தாலியின் தூரின் நகரச் சிறைகளுக்கு அழைத்துப்போனவரும் அவர்தான். விடுதலையாகியும் திரும்பத் திரும்ப உள்ளே வருகிற பையன்களை அங்கே பார்த்தபோதுதான், வெளியே அக்கறையாக ஒரு ஆள் இருந்தால் இவர்கள் வரமாட்டார்களே என்று தொன் போஸ்கோவுக்குத் தோன்றியது. (1918இல் நம்ம ஊர் ஜெயிலில் இருந்த பாரதியாருக்கும் அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் என்று வெளியே பேச ஆள் இருந்தார்கள். மூன்றரை வாரத்தில் வந்துவிட்டார்.)

பங்குப் பேரவையில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஆதாரும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு ஜாமீன் நிற்க வருவார்களா என்று. பயப்படுவார்கள், நியாயம்தான், வாய்தாவுக்கு ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்று நானே வந்து விளக்குகிறேன். மனு எழுதவும் நான் இருக்கிறேன், ஃபீஸ் வேண்டாம்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்து வக்கீல்